பாட்டுப் பெட்டிக்கு ஹெட்போன்: என் மேசைக்கு வரும் கேள்விகள்

மட்டக்களப்பு நகரில் சிறிய மேசை ஒன்று போட்டு போன், ரேடியோ, பாட்டுப் பெட்டி (பாட்டுக் கேட்கும் கையடக்கப் பிளேயர்) திருத்துகிறேன். திருத்தக் கொண்டு வருகிறவர்கள் எழும்பிப் போகும் முன் ஹெட்போன் பற்றி ஏதாவது ஒன்று கேட்காமல் போவதில்லை. ஏறாவூர், காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று ஊர் மாறினாலும் சந்தேகம் மாறுவதில்லை. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, நான் சொல்லும் பதிலையும் சேர்த்திருக்கிறேன். எளிதானவை மேலே, சிக்கலானவை கீழே.

1. அண்ணன், ஹேன்ட்ஸ்பிறீ, இயர்போன், ஹெட்போன் எல்லாம் ஒண்டுதானே?

ஒன்றல்ல. வயரும் மைக்கும் உள்ள எதையும் நாங்கள் ஹேன்ட்ஸ்பிறீ என்கிறோம். அது பேசுவதற்கென்று போனோடு வந்த சாமான். பாட்டுக்கு வாங்கும்போது வடிவத்தைச் சொல்லிக் கேளுங்கள். காது வாசலில் சும்மா தொங்குவது இயர்போன். றப்பர் முனையோடு காதுத் துளைக்குள் போவது இன்-இயர். தலைக்கு மேல் வளையம் போட்டு, காதின் மேல் அமர்வதும் காதைச் சுற்றி முழுவதும் மூடுவதும் ஹெட்போன். எல்லாவற்றுக்கும் பொதுவான விஷயம் வரும் இடத்தில் கீழே நான் ஹெட்போன் என்றே எழுதுகிறேன்.

2. போன்லயே பாட்டு இரிக்கி, மறுகா எதுக்கு தனியா ஒரு பிளேயர்?

தேவை இல்லாதவர்களுக்குத் தேவை இல்லைதான். ஆப்பிள் கொம்பனியே 2001இல் தொடங்கிய ஐபாட்டை 2022 மே மாதத்தில் நிறுத்திவிட்டது. ஆனாலும் பாட்டுக்கு நடுவில் அழைப்பு வராமல் கேட்க விரும்புகிறவர்கள், போன் பெட்டரியை மிச்சம் பிடிக்கிறவர்கள், மெமரி கார்டில் ஆயிரக்கணக்கில் பாட்டுச் சேர்த்து வைத்திருக்கும் பெரியவர்கள் இன்னும் தனிப் பிளேயர் வாங்குகிறார்கள். இன்னொரு காரணமும் உண்டு. 2016இல் ஐபோன் 7 வந்ததிலிருந்து பல போன்களில் 3.5 மில்லிமீற்றர் ஓட்டையே இல்லை. தனிப் பிளேயரில் அது இருக்கும்.

இங்கே எழுதியதில் பெரும்பகுதி போனில் கேட்பவர்களுக்கும் பொருந்தும்.

3. காதுக்குள்ள போடுறதா, காதை மூடுறதா, எது நல்லம்?

எங்கே இருந்து கேட்கப் போகிறீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். பஸ்ஸிலும் கோச்சியிலும் (ரயில்) என்றால் இன்-இயர். வெளி இரைச்சலைத் தடுக்கும், சட்டைப் பைக்குள் அடங்கும், வியர்க்காது. வீட்டில் ஓரிடத்தில் இருந்து கேட்பதென்றால் காதைச் சுற்றி மூடும் பெரிய ஹெட்போன் சுகம். ஆனால் சித்திரை, வைகாசி வெயிலில் மின்விசிறி இல்லாமல் அதை அரை மணித்தியாலம் போட்டிருங்கள், காது அவிந்து போகும். கொழும்பில் குளிரூட்டிய கடைக்குள் போட்டுப் பார்த்து வாங்கி வந்தவர்கள் இங்கே வந்துதான் இதைக் கண்டுபிடிக்கிறார்கள்.

பெரிய ஹெட்போனில் மூடிய வகை, திறந்த வகை என்று இரண்டு உண்டு. திறந்த வகையில் காதுக் கிண்ணத்தின் வெளிப்பக்கம் வலை போல இருக்கும். காற்று போய்வரும், பாட்டும் ஓர் அறைக்குள் நடப்பது போல விரிந்து கேட்கும். ஆனால் வெளிச்சத்தம் எல்லாம் உள்ளே வரும், உங்கள் பாட்டும் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும். இரவில், தனி அறையில் கேட்பவருக்கு நான் திறந்த வகையைத்தான் சொல்வேன். பிள்ளைகள் படிக்கும் வீட்டில் அது சரிவராது.

காதின் மேல் அமரும் சின்ன வகை எனக்குப் பிடித்தமில்லை. ஒரு மணித்தியாலத்தில் காது மடல் நோகும், கண்ணாடி போட்டவர்களுக்கு இன்னும் நோகும். விதிவிலக்கு, கொஸ் கொம்பனி 1984 முதல் செய்து வரும் போர்ட்டா புரோ. பஞ்சு மெத்தை, எடையே தெரியாது.

4. பெட்டியில 'எக்ஸ்ட்ரா பாஸ்' எண்டு கொட்டை எழுத்தில போட்டிரிக்கி. அதை எடுக்கட்டா?

எடுக்க வேண்டாம் என்பதே என் பதில். கடையில் இரண்டு நிமிடம் கேட்கும்போது அடிச்சத்தம் கூடியது எப்போதும் கெட்டித்தனமாகத் தெரியும். வீட்டில் இரண்டு மணித்தியாலம் கேட்டால் தலை கனக்கும். கூட்டிய பாஸ் மேலே பரவி, ஆண் குரலின் அடிப்பகுதியையும் தபேலாவின் இடக்கைத் தட்டையும் மூடிவிடும். மேளம் 'தும்' என்று ஒலிப்பதற்குப் பதிலாக ஒரே முழக்கமாகப் போய்விடும்.

நல்ல பாஸ் எது என்றால், அடி விழும் இடமும் அது நிற்கும் இடமும் தெளிவாகத் தெரிவது. அடுத்தடுத்து விழும் இரண்டு அடியை உங்களால் பிரித்து எண்ண முடிந்தால் அந்த ஹெட்போனின் பாஸ் நல்லது. பாஸ் போதாதவர்கள் பிளேயரில் உள்ள ஈக்குவலைசரில் (ஒலியின் கீழ், மேல் பகுதிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் அமைப்பு) கொஞ்சம் கூட்டிக் கொள்ளலாம். ஹெட்போனோடு பிறந்த வீங்கிய பாஸை அப்படிக் குறைத்து நேராக்குவது கடினம்.

5. கடையில போட்டுப் பார்க்கக்குள்ள நல்லாத்தான் இருந்திச்சு. வீட்ட வந்தா பாஸே இல்ல. ஏமாத்திட்டாங்களா?

அனேகமாக இல்லை. றப்பர் முனைதான் காரணம். இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த ஒருவர் பாதிச் செலவில் இரட்டிப்பு நல்ல ஒலியைக் கேட்பார் என்று நான் நம்புவதால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

கல்லடிப் பாலத்தடியில் பாடும் மீனைக் கேட்கப் போனவர்களுக்குத் தெரியும். நிலவு இரவில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை வாவிக்குள் விட்டு, மறு முனையைக் காதோடு ஒட்டி வைத்துக் கேட்பார்கள். காது துடுப்பிலிருந்து விரலளவு விலகினால் ஒன்றும் கேட்காது. இன்-இயரும் அப்படித்தான். றப்பருக்கும் காதுத் துளைக்கும் இடையில் மயிரளவு இடைவெளி இருந்தாலும் முதலில் ஓடிப்போவது பாஸ். மிச்சம் இருப்பது தகரத்தில் தட்டிய மாதிரிச் சத்தம். பெரிய ஹெட்போனிலும் கண்ணாடிக் கம்பி, தலைமுடி, தோடு எல்லாம் மெத்தையைத் தூக்கி இதே வேலையைச் செய்யும்.

பெட்டிக்குள் மூன்று அளவு றப்பர் முனை இருக்கும். நடு அளவு மாட்டி வரும், பலர் மற்ற இரண்டையும் தொடாமலே எறிந்துவிடுகிறார்கள். மூன்றையும் போட்டுப் பாருங்கள். இடக் காதுக்கு ஓர் அளவும் வலக் காதுக்கு வேறு அளவும் சரிவருவது சாதாரணம். போடும்போது மற்றக் கையால் காது மடலை மேலேயும் பின்னேயும் இழுத்துக் கொண்டு மெதுவாகத் திருகி விடுங்கள். சரியாக அமர்ந்தால் பாட்டுத் தொடங்கும் முன்பே வெளிச்சத்தம் ஒரு படி இறங்கும். மூன்றுமே பொருந்தாத காதுக்குப் பஞ்சு முனை தனியாகக் கிடைக்கிறது. விரலால் நசுக்கி உள்ளே விட்டால் காதின் வடிவத்துக்கு விரியும்.

6. எந்தப் பாட்டை வைச்சிச் சோதிக்கிறது?

உங்களுக்கு மனப்பாடமான பாட்டை. கடைக்காரர் போட்டுக் காட்டுவது அந்த ஹெட்போனுக்கு எது பொருந்தும் என்று அவர் தெரிந்து வைத்திருக்கும் பாட்டு. உங்கள் பிளேயரையும் உங்கள் பாட்டையும் கொண்டு போங்கள். ஆண் குரல் ஒன்று, பெண் குரல் ஒன்று, தாளம் நிறைந்தது ஒன்று, நாதஸ்வரமோ வயலினோ தனியாக வருவது ஒன்று போதும். பெண் குரலில் 'ச', 'ஷ' வரும் இடங்கள் காதைக் குத்தினால் அந்த ஹெட்போனை வைத்துவிடுங்கள். குத்தல் பழகிப் போகும் என்பார்கள், எனக்குப் பழகவில்லை.

நான் சோதிக்க வைத்திருப்பது எங்கள் பக்கத்து நாட்டுக்கூத்தான வடமோடிக் கூத்து ஒன்றின் அரங்கேற்றத்தில் பதிவு செய்தது. களரிக்கு (கூத்து ஆடும் இடம்) பக்கத்தில் இருந்து எடுத்தது. அண்ணாவியாரின் (கூத்துப் பழக்கும் ஆசிரியர்) மத்தளம் கீழே, சல்லரி (கைத்தாளம்) மேலே, நடுவில் குரல், ஆட்டக்காரரின் சலங்கை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகும். மத்தளத்தின் வலந்தலைக்கும் (வலப்பக்கம்) தொப்பிக்கும் (இடப்பக்கம்) வித்தியாசம் தெரிகிறதா, சல்லரி தட்டிய பிறகு அந்தக் கிணுகிணுப்பு மெல்ல அடங்குகிறதா அல்லது பட்டென்று வெட்டுப்படுகிறதா, சலங்கை எங்கே நிற்கிறது என்று காட்ட முடிகிறதா என்று பார்ப்பேன். ஊரில் இப்படி ஒரு பதிவு உங்களிடம் இருந்தால் அதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. நேரில் கேட்ட ஒலி நினைவில் இருக்கும், ஒப்பிடலாம்.

இரண்டு ஹெட்போனை ஒப்பிடும்போது சத்தத்தை ஒரே அளவில் வையுங்கள். கொஞ்சம் கூடச் சத்தமாக ஒலிப்பதை மனம் 'நல்லது' என்று எடுத்துக் கொள்ளும்.

7. ஓம் எண்டு ஒரு நம்பர் போட்டிரிக்கே. கூடினதா, குறைஞ்சதா வாங்குறது?

ஓம் என்பது மின்தடையின் அளவு. கையடக்கப் பிளேயருக்கும் போனுக்கும் 16 முதல் 64 ஓம் வரை பொதுவாகப் பிரச்சினை இல்லை. 250, 300 ஓம் போட்ட ஹெட்போன்கள் தரம் குறைந்தவை அல்ல. ஆனால் அவை மேசையில் வைக்கும் அம்பிளிபயருக்காகச் செய்தவை. சென்ஹைசர் எச்டி 600 அப்படி ஒன்று, 300 ஓம்.

ஏன் என்று கணக்குப் பார்ப்போம். உங்கள் பிளேயர் 1 வோல்ட் கொடுக்கிறது என்று வையுங்கள். 32 ஓம் ஹெட்போனுக்கு அதில் 31 மில்லிவாட் போகும். 300 ஓம் ஹெட்போனுக்கு 3.3 மில்லிவாட்தான் போகும். பாட்டுக் கேட்கும், ஆனால் மெலிந்து கேட்கும். முழுச் சத்தம் வைத்தும் மேளம் எழும்பாது. ஒரே மொடல் பல ஓமில் வருவதும் உண்டு. பெயர்டைனமிக் டிடி 770 புரோ 32, 80, 250 ஓம் என்று மூன்று விதமாக விற்கிறார்கள். பெயரை மட்டும் பார்த்து வாங்கி மாட்டிக் கொள்ளாதீர்கள்.

8. அப்ப எவ்வளவு சத்தம் வரும் எண்டு எதைப் பார்க்கிற?

உணர்திறன் என்ற எண்ணை. சத்தத்தை அளக்கும் டெசிபலில் போட்டிருப்பார்கள். 1 மில்லிவாட்டுக்கு 100 டெசிபல் அளவில் இருந்தால் பிளேயருக்குப் போதும். சில கொம்பனிகள் மில்லிவாட்டுக்குப் பதிலாக 1 வோல்ட்டுக்கு இவ்வளவு என்று போடுவார்கள். அந்த எண் பெரிதாகத் தெரியும். இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட வேண்டாம்.

9. '5 ஹெர்ட்ஸ் முதல் 40,000 வரை' எண்டு போட்டது நல்லதா?

ஹெர்ட்ஸ் என்பது ஒலி எவ்வளவு தாழ்ந்தது, எவ்வளவு உயர்ந்தது என்பதன் அளவு. மனிதக் காது கேட்பது 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, வயது ஏற ஏற மேல் எல்லை இன்னும் இறங்கும். எந்த இடத்தில் கூடிக் குறைகிறது என்று சொல்லாத வரை அந்த வரி ஒன்றையும் சொல்வதில்லை. உள்ளே ஒலியை எழுப்பும் சின்ன ஸ்பீக்கரான டிரைவரின் அளவும் அப்படியே. 10 மில்லிமீற்றரா 12 மில்லிமீற்றரா என்று பார்த்துத் தரம் சொல்ல முடியாது.

10. புளூடூத் வாங்கினா பாட்டுக் கெட்டுப் போகுமா?

கெட்டுப் போகாது, கொஞ்சம் சுருங்கும். புளூடூத்தில் பாட்டைச் சுருக்கித்தான் அனுப்ப முடியும். எஸ்பிசி என்ற சுருக்கு முறை எல்லாச் சாதனத்திலும் உண்டு. ஏஏசி, ஏப்டிஎக்ஸ், எல்டாக் என்பவை அதைவிட நல்லவை. சீடியில் உள்ள பாட்டு நொடிக்கு 1,411 கிலோபிட், எல்டாக் அதிகபட்சம் 990. முக்கியமானது, பிளேயரிலும் ஹெட்போனிலும் ஒரே முறை இருக்க வேண்டும். ஹெட்போனில் மட்டும் எல்டாக் இருந்து பிளேயரில் இல்லையென்றால் எஸ்பிசிக்கோ ஏஏசிக்கோதான் இறங்கும். ஐபோனில் எல்டாக் கிடையாது.

என் தயக்கம் ஒலியைப் பற்றியது அல்ல, ஆயுளைப் பற்றியது. காதுக்குள் போடும் சின்ன சோடிகளில் பெட்டரி இரண்டு மூன்று வருடத்தில் களைக்கும். பிரித்து மாற்ற முடியாதபடி ஒட்டியிருப்பார்கள். என் மேசைக்கு வரும் அப்படிப்பட்டவற்றில் பலவற்றை நான் திருப்பித்தான் கொடுக்கிறேன். அதே விலைக்கு வயர் கழற்றி மாற்றக்கூடிய இன்-இயர் வாங்கினால் வயர் அறுந்தாலும் வயரை மட்டும் மாற்றலாம். ஓடுகிறவர்கள், உடற்பயிற்சி செய்கிறவர்களுக்கு வயர் தொல்லை. அவர்கள் புளூடூத் வாங்கட்டும், வியர்வை தாங்க ஐபிஎக்ஸ் 4 (ஈரம் தாங்கும் தரக் குறியீடு) என்றாவது போட்டிருக்கட்டும்.

11. மாசத்தில ரெண்டு தரம் கொழும்புக்குப் போய்வாற ஆள் நான். இரைச்சலை அடக்கிற ஹெட்போன் வேணுமா?

உதயதேவி கோச்சியில் பகல் முழுவதும், அல்லது கல்முனையிலிருந்து இரவு பஸ்ஸில் போகிறவருக்கு அது பிரயோசனம்தான். அந்த ஹெட்போன் வெளிச்சத்தத்தை மைக்கால் கேட்டு, அதற்கு நேரெதிரான அலையை உண்டாக்கி இரண்டையும் மோதவிட்டு அழிக்கிறது. 1978இல் விமானப் பயணம் ஒன்றில்தான் போஸ் கொம்பனியைத் தொடங்கிய அமர் போசுக்கு இந்த எண்ணம் வந்தது. எஞ்சின் உறுமல் போல விடாமல் ஒரே மாதிரி வரும் தாழ்ந்த சத்தத்தை நன்றாக அடக்கும். முன் சீட்டில் அழும் குழந்தையையும் ஹோர்ன் அடிப்பதையும் அந்த அளவுக்கு அடக்காது.

காசு குறைவாக இருந்தால் 5ஆம் பதிலில் சொன்னபடி நன்றாகப் பொருந்திய இன்-இயரே போதும். மலிவான 'இரைச்சல் அடக்கி' வாங்குவதைவிட அது திறம்.

12. மகன் நாள் முழுக்கக் காதில போட்டுக்கிட்டுத் திரியிறான். எவ்வளவு சத்தம் வைச்சாக் காதுக்கு ஆகாது?

உலக சுகாதார நிறுவனம் சொல்வது, பெரியவர்களுக்கு 80 டெசிபல் சத்தத்தில் வாரத்துக்கு 40 மணித்தியாலம். 90 டெசிபலுக்குப் போனால் வாரத்துக்கு 4 மணித்தியாலம்தான். 3 டெசிபல் கூடும்போது நேரம் பாதியாகிறது. சிறு பிள்ளைகளுக்கு எல்லை 75 டெசிபல். வீட்டில் டெசிபல் அளக்க முடியாது என்பதால், பிளேயரின் முழுச் சத்தத்தில் 60 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்பதைப் பிடித்துக் கொள்ளுங்கள். மகன் போட்டிருக்கும்போது கையெட்டும் தூரத்தில் நின்று சாதாரணக் குரலில் பேசுங்கள். அவருக்கு விளங்காவிட்டால் சத்தம் கூட. கழற்றிய பிறகு காது கூவினால் காது ஏற்கெனவே அடிபட்டிருக்கிறது என்று அர்த்தம். உள்காதின் நுண்மயிர்கள் போனால் திரும்ப முளைப்பதில்லை.

பஸ் இரைச்சலை வெல்லத்தான் பிள்ளைகள் சத்தத்தைக் கூட்டுகிறார்கள். வெளியை நன்றாகத் தடுக்கும் ஹெட்போன் வாங்கிக் கொடுத்தால் குறைந்த சத்தத்திலேயே கேட்பார்கள். நான் நல்ல ஹெட்போன் வாங்கச் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

ஆனால் அதே ஹெட்போனை வீதியில் போடக் கூடாது. கல்லடிப் பாலத்தில் சைக்கிள் ஓடும்போதும், தண்டவாளம் கடக்கும்போதும் இரண்டு காதும் திறந்திருக்கட்டும். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் பொழுதுபட்டு வயல் வழியே வீட்டுக்குப் போகிறவர்களுக்கு நான் தனியாகச் சொல்கிறேன். இருட்டில் யானை நிற்பதைக் கண்ணுக்கு முன் காதுதான் காட்டித் தரும். ஒரு காதில்கூடப் போட வேண்டாம்.

13. பேர் பெற்ற கொம்பனிட சாமான், பாதி விலைக்குத் தாறாங்க. நம்பலாமா?

நான் ஒரு முறை நம்பினேன். பெட்டி, முத்திரை, உள்ளே புத்தகம் எல்லாம் அச்சொட்டாக இருந்தது. வீட்டில் போட்டதும் குரல் பானைக்குள் இருந்து வந்தது. பிரித்துப் பார்த்தேன், எடை தெரிவதற்காக உள்ளே இரும்புத் துண்டு ஒட்டியிருந்தார்கள். திருத்துகிற எனக்கே அப்படி நடந்தது.

அதிலிருந்து நான் பார்ப்பவை: பெட்டியில் எழுத்துப் பிழை, தொடர் இலக்கம் இருக்கிறதா, அதைக் கொம்பனியின் தளத்தில் போட்டால் ஏற்கிறதா, இறக்குமதி செய்தவரின் வாரண்டி ஒட்டி இருக்கிறதா. அதிகம் பேசப்படும் மொடல்களைத்தான் போலி செய்கிறார்கள். பேர் அவ்வளவு தெரியாத கொம்பனியின் உண்மையான சாமான், பேர் பெற்ற கொம்பனியின் போலியைவிட எப்போதும் மேல்.

14. கையில கொஞ்சக் காசுதான். எதை வாங்க?

வயருள்ள இன்-இயர். மூன்ட்ரொப் சூ, 7 ஹெர்ட்ஸ் சீரோ போன்றவை 2022இல் ஏறத்தாழ 20 அமெரிக்க டொலருக்கு வந்தன. பத்து வருடத்துக்கு முன் அந்த விலைக்கு இப்படி ஒலி கிடைத்ததில்லை. பெரிய ஹெட்போன்தான் வேண்டும், ஒரு முறை வாங்கினால் பல வருடம் உழைக்க வேண்டும் என்றால் சோனி எம்டிஆர்-7506ஐப் பாருங்கள். 1991 முதல் ஒலிப்பதிவுக் கூடங்களில் இருப்பது, 63 ஓம், பிளேயரிலேயே ஓடும், மெத்தை உதிர்ந்தால் மாற்று மெத்தை கிடைக்கும். மேல் ஒலி கொஞ்சம் கூர்மை. ஓடியோ-டெக்னிகா எம்50எக்ஸ் 38 ஓம், பாஸ் கொஞ்சம் கூட, வயர் கழன்று வரும்.

பிளேயருக்கு எல்லாக் காசையும் கொட்டிவிட்டு ஹெட்போனுக்கு மிச்சத்தைப் பார்ப்பவர்களே அதிகம். ஒலியை மாற்றுவதில் ஹெட்போனுக்குத்தான் பெரிய பங்கு. காசைப் பாதி பாதியாகப் பிரியுங்கள்.

15. ரெண்டு வருசத்தில காதுப் பஞ்சு தோல் தோலா உரியுது. மட்டமான சாமானா?

எங்கள் ஊர்க் காற்றுக்கு அது நடக்கும். செயற்கைத் தோலை ஈரப்பதமும் வியர்வையும் சேர்ந்து உடைக்கும். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் எங்களுக்கு இரண்டுக்கும் குறைவில்லை. கழற்றியதும் மெத்தையை உலர்ந்த துணியால் துடையுங்கள், சிலிக்கா பொட்டலம் போட்ட டப்பாவுக்குள் வையுங்கள், மாற்றும்போது துணி மெத்தை போடுங்கள். உப்புக் காற்று பிளக்கில் பச்சை பூக்க வைக்கும். மாதம் ஒரு தரம் துடைத்தால் போதும். நனைந்தால் அரிசிக்குள் புதைக்கிறார்கள், அரிசித் தூள் வலையை அடைக்கும். காற்றில் உலர விடுங்கள்.

குளித்த கையோடு ஈரக் காதில் இன்-இயர் போட வேண்டாம். காதுக்குள் பூஞ்சை பிடிக்கும்.

16. ஒரு பக்கம் மட்டும் சத்தம் குறையுது. எறியவா?

எறிய முன் இடம் மாற்றிப் போடுங்கள், வலதை இடக் காதிலும் இடதை வலக் காதிலும். குறைவு ஹெட்போனோடு சேர்ந்து மறுகாதுக்குப் போனால் பழுது ஹெட்போனிலோ பிளேயரிலோ. வேறு பிளேயரில் செருகினால் எது என்று தெரிந்துவிடும். எந்தப் பக்கம் போட்டாலும் அதே காதில் குறைவு என்றால் காதைத்தான் காட்ட வேண்டும், என்னிடம் அல்ல, வைத்தியரிடம்.

ஹெட்போன்தான் என்றால் முதலில் வலையைப் பாருங்கள். இன்-இயர் பக்கம் குறைவது பலமுறை காதுக் குறும்பி வலையை அடைப்பதால். றப்பரைக் கழற்றி, வலை கீழ்நோக்கி இருக்கப் பிடித்து, உலர்ந்த மென்மையான பிரஷால் தட்டுங்கள். ஊசியால் குத்தினால் வலை உள்ளே போகும். வலை சுத்தமென்றால் பிளக் கழுத்தில் வயரை வளைத்துப் பாருங்கள், சத்தம் விட்டு விட்டு வந்தால் உள்ளே அறுந்திருக்கிறது. பிளக் மாற்றுவது சின்ன வேலை.

17. நல்ல ஹெட்போன் வாங்கின பிறகு என்ட பழைய பாட்டெல்லாம் மோசமாக் கேக்குது!

பாட்டு முன்பும் அப்படித்தான் இருந்தது, இப்போதுதான் தெரிகிறது. நொடிக்கு 64 அல்லது 96 கிலோபிட்டில் சுருக்கிய எம்பி3களில் சல்லரியும் கைத்தட்டலும் தண்ணீருக்குள் இருந்து வருவது போலக் கேட்கும். அவற்றை 320 ஆக மாற்றித் தருகிறேன் என்பவர்களிடம் காசு கொடுக்காதீர்கள். பறிபோனது திரும்பாது, கோப்புத்தான் பெருக்கும். கசெற்றோ சீடியோ கையில் இருந்தால் அதிலிருந்து மீண்டும் எடுங்கள், பிளாக் (FLAC) என்ற கோப்பு வடிவத்தில் எடுத்தால் ஒன்றும் இழக்காது.

பழைய இலங்கை வானொலிப் பதிவுகளின் இரைச்சலும் மோனோவும் (இரண்டு பக்கமும் ஒரே ஒலி) குறை அல்ல. அதை நல்ல ஹெட்போனில் கேட்டால் பாடகர் மூச்செடுப்பதும் கேட்கும்.

18. மேளம், வயலின் எல்லாம் கேக்குது, பாடுறவங்கட குரலை மட்டும் காணல்ல!

இதைக் கேட்டு வருகிறவர்கள் பயந்து போய் வருவார்கள். பெரும்பாலும் ஒன்றும் கெடவில்லை. குரல் இடது, வலது இரண்டிலும் ஒரே அளவில் பதிவாகியிருக்கும். இரண்டு பக்கத்துக்கும் பொதுவான கம்பி தொடர்பு விட்டுப் போனால் ஹெட்போனுக்கு இரண்டின் வித்தியாசம் மட்டும் போகும். ஒரே அளவில் இருந்த குரல் கழிபட்டு, ஓரங்களில் இருந்த வாத்தியங்கள் மிஞ்சும்.

முதலில் பிளக் முழுவதும் உள்ளே போயிருக்கிறதா பாருங்கள், தடித்த உறை போட்ட பிளேயரில் அரைவாசி நிற்கும். பிறகு மைக் உள்ள ஹெட்போன் என்றால் அதன் பொத்தானை அமத்திப் பிடியுங்கள். பிடித்திருக்கும் வரை குரல் வந்தால், உங்கள் பிளக்கில் நான்கு தொடுமுனை, பிளேயரின் ஓட்டை மூன்றுக்குச் செய்தது, அல்லது நான்கின் வரிசை வேறு. ஒரு சின்ன அடாப்டர் போட்டால் தீரும். அப்படியும் வராவிட்டால் கம்பி அறுந்திருக்கிறது, 16ஆம் பதிலில் சொன்ன இடத்தில் தேடுங்கள்.

19. சின்ன இன்-இயர்ல 'ஸ்ஸ்' எண்டு இரையுது, பெரிய ஹெட்போன்ல அது இல்ல. ஏன்?

8ஆம் பதிலில் சொன்ன உணர்திறன் மிகவும் கூடிப் போனால் பிளேயரின் சொந்த இரைச்சலும் கேட்கத் தொடங்கும். பிளேயரில் 'கெய்ன்' (ஒலியைப் பெருக்கும் அளவு) என்று இருந்தால் குறைந்ததில் வையுங்கள்.

இதோடு ஒட்டிய இன்னொன்று. பிளேயருக்கும் சொந்தமாக ஒரு வெளியீட்டுத் தடை உண்டு. அது ஹெட்போன் ஓமில் எட்டில் ஒன்றுக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. 16 ஓம் இன்-இயருக்கு 2 ஓம். பல டிரைவர் போட்ட விலைகூடிய இன்-இயர்களில் இது முக்கியம், ஏனென்றால் அவற்றின் ஓம் ஒவ்வொரு சுரத்துக்கும் மாறும். பொருந்தாத பிளேயரில் செருகினால் ஒலியின் நிறமே மாறிவிடும். ஒருவர் புகழ்ந்த இன்-இயர் உங்கள் பிளேயரில் மந்தமாகக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

20. 100 மணித்தியாலம் ஓடவிட்டாத்தான் ஒலி திறக்குமாமே?

மெத்தை இளகி காதோடு நன்றாக ஒட்டும், உங்கள் காதும் பழகும். முதல் நாளே பிடிக்காததை 100 மணித்தியாலம் வைத்திருந்து, திருப்பிக் கொடுக்கும் தவணையைத் தவற விடாதீர்கள்.

21. எங்கட அவருக்கு ஒரு காது மந்தம். ரெண்டு பேரும் ஒரே பிளேயர்ல கேக்க ஒண்ணுமா, தம்பி?

கேட்கலாம், அம்மா. இரண்டு ஓட்டை உள்ள பிரிப்பான் ஒன்று வாங்கினால் இரண்டு ஹெட்போன் போடலாம். இரண்டும் ஒரே மொடலாக இருக்க வேண்டும். வேறு வேறாக இருந்தால் ஒருவருக்குக் காது வெடிக்கும், மற்றவருக்கு ஒன்றும் கேட்காது. 32 ஓம் இரண்டு சேர்ந்தால் பிளேயருக்கு 16 ஓமாகத் தெரியும், பெட்டரி கொஞ்சம் வேகமாக இறங்கும்.

ஐயாவின் காதுக்கு இன்னொன்று செய்ய வேண்டும். பழைய ஸ்டீரியோப் பாட்டுகளில் குரல் ஒரு பக்கமும் வாத்தியம் மறுபக்கமும் இருக்கும். கேளாத பக்கத்தில் இருப்பது அவருக்கு இல்லாமலே போகும். போனில் அணுகல்தன்மை அமைப்புக்குள் 'மோனோ' என்று இருக்கிறது, அதைப் போட்டால் இரண்டு பக்கமும் ஒன்றாகக் கலந்து இரண்டு காதுக்கும் போகும். சில பிளேயர்களில் அது இல்லை. அப்போது இடது, வலது கம்பிகளை நேரே ஒட்ட வைக்கக் கூடாது, இரண்டிலும் தடை போட்டுச் சேர்க்க வேண்டும். பிளேயரைக் கொண்டு வாருங்கள், அந்தச் சின்ன வயரை நான் செய்து தருகிறேன். ஐயாவையும் கூட்டி வாருங்கள், எந்த அளவு றப்பர் என்று போட்டுப் பார்க்க வேண்டும்.